அமெரிக்கக் குழந்தைகளின் ஆஸ்துமாவில் இன வேறுபாடு: காற்று மாசின் பங்கை எப்படிப் பிரித்தறிவது?

பிறைநிலா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பொதுச் சுகாதாரப் படிப்பில் ஒரு பருவக் கட்டுரைக்காக, அமெரிக்கக் குழந்தைகளிடையே ஆஸ்துமா பரவியிருக்கும் விதம் குறித்துப் படித்து வருகிறேன். கருப்பினக் குழந்தைகளிடம் இந்நோய் வெள்ளையினக் குழந்தைகளைவிட ஏறத்தாழ இரு மடங்கு காணப்படுகிறது என்றும், கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோ வழிவந்த குழந்தைகளின் விகிதம் அதையும் மிஞ்சுகிறது என்றும் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் நடத்தும் கணக்கெடுப்புகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. இறப்பு என்று வரும்போது கருப்பினக் குழந்தைகளுக்கும் வெள்ளையினக் குழந்தைகளுக்கும் உள்ள இடைவெளி இரு மடங்கோடு நிற்பதில்லை, பல மடங்காகிறது.

இதற்கு மேல்தான் என் குழப்பம் தொடங்குகிறது. மரபணு வேறுபாடே காரணம் என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் 1980இல் 3.6 சதவீதமாக இருந்த குழந்தை ஆஸ்துமா 1995இல் 7.5 சதவீதமானதே, அந்தக் குறுகிய காலத்தில் மாறவே முடியாத மரபணுக்களைக் கொண்டு அதை எப்படி விளக்குவது? காற்று மாசுதான் காரணம் என்போரிடமும் கேட்க ஒன்று உண்டு. மெக்சிகோ வழிவந்த குழந்தைகள் பலர் மாசு மிகுந்த பகுதிகளில், வருமானம் குறைந்த குடும்பங்களில் வளர்கிறார்கள். ஆயினும் அவர்களிடம் பதிவாகும் ஆஸ்துமா வெள்ளையினக் குழந்தைகளின் அளவை ஒட்டியோ அதற்குக் கீழோதான் இருக்கிறது.

வறுமை, மரபு, வீட்டின் உட்புறச் சூழல், வெளிக்காற்று ஆகிய நான்கும் ஒரே குழந்தையின் மீது ஒருங்கே கவிந்திருக்கும்போது, காற்று மாசின் பங்கை மட்டும் ஆய்வாளர்கள் எவ்வாறு தனித்து அளக்கிறார்கள்? துறை சார்ந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சுவடி

வணக்கம். நான் நகரத் திட்டமிடல் வரலாறு படித்தவன், மருத்துவன் அல்லன். ஆகவே நோயைப் பற்றிக் குறைவாகவும், அக்குழந்தைகள் ஏன் அந்தத் தெருக்களில் வாழ்கிறார்கள் என்பதைப் பற்றிச் சற்று அதிகமாகவும் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது, வீட்டுக் கடனைக் கட்ட முடியாமல் தவித்தவர்களுக்கு உதவுவதற்காக 1933இல் அமெரிக்க மைய அரசு வீட்டு உரிமையாளர் கடன் கழகம் என்ற அமைப்பை உருவாக்கியது. அக்கழகம் 1930களின் பிற்பகுதியில் 200க்கும் மேற்பட்ட நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளை, அங்கே கடன் கொடுப்பதில் எவ்வளவு ஆபத்து என்று பார்த்து, நான்கு தரங்களாகப் பிரித்து வரைபடங்கள் தயாரித்தது. முதல் தரத்துக்குப் பச்சை, கடைசித் தரத்துக்குச் சிவப்பு. கருப்பின மக்களும் புதிதாகக் குடியேறியோரும் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் விழுந்தன. மதிப்பீட்டுக் குறிப்புகளில் அங்கு வசிப்போரின் இனமே ஒரு குறைபாடாக எழுதப்பட்டிருப்பதை இன்றும் படிக்கலாம். இந்த வரைபடங்களே பாகுபாட்டை உண்டாக்கினவா, அல்லது ஏற்கெனவே இருந்ததைப் பதிவு செய்தனவா என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. அதற்குள் நான் நுழையவில்லை. எப்படியாயினும், நிலமதிப்புக் குறைவாகவும் எதிர்க்கும் அரசியல் வலு இல்லாமலும் வைக்கப்பட்ட அப்பகுதிகளின் ஊடாகவே பிற்காலத்து நெடுஞ்சாலைகள் பல போடப்பட்டன. அவற்றை ஒட்டியே கிடங்குகளும் குப்பை மாற்று நிலையங்களும் மின் நிலையங்களும் வந்து சேர்ந்தன. 1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டு வசதிச் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்தபோது அந்தச் சாலைகளில் பல ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் கட்டுமானத் திட்டங்களில் செல்வாக்குப் பெற்றிருந்த அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்டு 1948இல் பணி தொடங்கிய குறுக்கு பிராங்ஸ் விரைவுச் சாலை, மக்கள் அடர்ந்த குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போனது. அதன் தெற்கே ஹண்ட்ஸ் பாயின்ட் உணவு மொத்தச் சந்தைக்கு நாள் முழுதும் சரக்கு லாரிகள் வந்து போகின்றன. அருகிலுள்ள மாட் ஹேவன், போர்ட் மாரிஸ் பகுதிகளுக்கு ‘ஆஸ்துமாச் சந்து’ என்றே பெயர் வந்துவிட்டது.

கலிஃபோர்னியாவின் துறைமுக நகரமான ஓக்லாந்தின் கதை இன்னும் வெளிப்படையானது. அந்நகரில் ஏறத்தாழ ஒரே திசையில் இரண்டு நெடுஞ்சாலைகள் செல்கின்றன. மலைப்பக்கம் உள்ள 580ஆம் எண் சாலையில் கனரக லாரிகளுக்குப் பல பத்தாண்டுகளாகத் தடை உள்ளது. ஆகவே துறைமுகத்துச் சரக்கு லாரிகள் பெரும்பாலும் தாழ்நிலத்தில் உள்ள 880ஆம் எண் சாலை வழியே போகின்றன. மலைப்பக்கத்தில் வசதியுள்ளோரும் வெள்ளையினத்தவரும் மிகுதி. தாழ்நிலத்தில் கருப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோக்களும் மிகுதி. எந்தப் பிள்ளை டீசல் புகையைச் சுவாசிக்க வேண்டும் என்று ஒரு போக்குவரத்து விதியே தீர்மானிக்கும்போது, அதைத் தற்செயல் என்று எழுதுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இனி அளவுகளுக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் 8 நகரங்களில் அந்தப் பழைய வரைபடங்களையும் இக்கால மருத்துவமனைப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2020இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. சிவப்புத் தரம் பெற்றிருந்த பகுதிகளில், ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் விகிதம் பச்சைத் தரப் பகுதிகளைவிட 2.4 மடங்கு இருந்தது. டீசல் துகள்களின் அளவும் அங்கு மிகக் கூடுதலாக இருந்தது. இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு என்பதைக் கட்டுரையில் மறவாமல் குறிப்பிடுங்கள். 2022இல் 202 நகரங்களை வைத்து நடந்த மற்றோர் ஆய்வும், பழைய தரம் தாழத் தாழ வாகனப் புகையில் மிகுந்துள்ள நைட்ரஜன் டை ஆக்ஸைடு வாயுவும், நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகளும் இன்று கூடுவதைக் கண்டது.

இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, மாசை உண்டாக்குவோர் யார், சுவாசிப்போர் யார் என்ற கணக்கு. 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தங்கள் நுகர்வால் உண்டாகும் நுண்துகள் மாசைவிடக் கருப்பினத்தவர் 56 சதவீதமும், ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழிவந்த ஹிஸ்பானியர் 63 சதவீதமும் கூடுதலாகச் சுவாசிக்கிறார்கள். வெள்ளையினத்தவரும் பிறரும் தங்கள் நுகர்வு உண்டாக்குவதைவிட 17 சதவீதம் குறைவாகச் சுவாசிக்கிறார்கள்.

வெண்கொக்கு

சுவடி அவர்கள் எழுதிய வரலாற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஓர் இடத்தில் மாசும் இருக்கிறது, நோயும் இருக்கிறது என்பதிலிருந்து மாசே நோயைத் தந்தது என்ற முடிவுக்கு அவ்வளவு விரைவாகப் போய்விட முடியாது. நான் புள்ளியியல் துறையில் இருப்பவன். அந்தப் பழக்கத்தில் மறுதரப்பையும் முன்வைக்கிறேன்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2015இல் 23,000க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தேசியக் கணக்கெடுப்புத் தரவை ஆராய்ந்தார்கள். நெருக்கமான நகரத்து ஏழ்மைப் பகுதிகளில் ஆஸ்துமா 12.9 சதவீதமும் மற்ற இடங்களில் 10.6 சதவீதமும் இருந்தது. ஆனால் இனம், வயது, குடும்ப வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்டதும் அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கருப்பினத்தைச் சேர்ந்திருத்தல், போர்ட்டோ ரிக்கோ வழிவந்திருத்தல், வறுமை ஆகியவை தனித்தனியே நோயுடன் தொடர்புற்று நின்றன. நகரத்தின் மையத்தில் வாழ்வது என்பது நிற்கவில்லை. நகர மையம் என்ற சொல்லையே ஆஸ்துமாவுக்கு மறுபெயராக வழங்கி வந்தவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சியாக இருந்தது.

வீட்டுக்குள் இருப்பதையும் விட்டுவிடக் கூடாது. 1997இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கரப்பான்பூச்சி ஒவ்வாமை இருந்து, படுக்கையறையிலும் அந்த ஒவ்வாப் பொருள் மிகுந்திருந்த குழந்தைகள், மற்றவர்களைவிட 3.4 மடங்கு அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பழுது பார்க்கப்படாத வாடகைக் குடியிருப்பு, பூஞ்சை, எலி, புகையிலைப் புகை ஆகியவையும் இருக்கின்றன. நெடுஞ்சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் குளியலறைச் சுவரில் படர்ந்த பூஞ்சை கண்ணில் படாது.

சுவடி

வெண்கொக்கு அவர்களின் எச்சரிக்கை நியாயமானது. ஆனால் அந்த 2015 ஆய்வு நகர மையம், புறநகர், சிற்றூர் என்று பெரிய வகைகளாகப் பிரித்ததே தவிர, ஒரு குழந்தையின் வீட்டு வாசலில் உள்ள காற்றை அளக்கவில்லை. வாகனப் புகையின் செறிவு பெருஞ்சாலையிலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே விழுந்துவிடுகிறது. கலிஃபோர்னியா 2003இல், நெடுஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய பள்ளிகள் கட்டுவதைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றியதும் அதனால்தான். ஏழைகள் புறநகரங்களுக்குத் தள்ளப்பட்டுவிட்ட இக்காலத்தில், நகர மையம் என்ற கோடு காற்றின் தரத்தைப் பிரித்துக் காட்டும் கோடாக இல்லை.

மேலும், இனமா இடமா என்ற கேள்வியை நேரடியாகவே எடுத்துக்கொண்ட ஆய்வு ஒன்று உள்ளது. 2006 முதல் 2010 வரை நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்த எல்லாக் குழந்தைகளின் பதிவுகளையும் அலெக்சாண்டர், கரி என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்குள் பார்த்தாலும் கருப்பினக் குழந்தைகளிடமே ஆஸ்துமா மிகுதி என்பது முதலில் தெரிந்தது. பிறகு கருப்பினத்தவர் மிகுந்து வாழும் அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளையும் மற்றப் பகுதிகளையும் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது, எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளிடம் காணப்பட்ட அந்த இன வேறுபாடு முற்றிலும் மறைந்தது. அப்பகுதிகளில் அவ்வாறு பிறந்த எல்லாக் குழந்தைகளும், எந்த இனத்தவராயினும், கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். இடத்தில் உள்ளவற்றுள் எது காரணம் என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை. காற்றா, வீடா, மன அழுத்தமா என்பது திறந்தே இருக்கிறது. ஆனால் தோலுக்குள் தேடுவதை விட்டுவிட்டுத் தெருவில் தேட வேண்டும் என்பதற்கு அது போதும்.

மூச்சுக்காற்று

குழந்தைகள் நுரையீரல் பிரிவில் மருத்துவராகப் பணியாற்றுகிறேன். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ குறித்த கேள்வி இன்னும் விடையின்றி நிற்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

ஹிஸ்பானியர் என்பது மொழியாலும் அரசின் கணக்கெடுப்பாலும் உண்டான ஒரு தொகுப்பு. அதற்குள் ஆஸ்துமா மிகுதியான ஒரு பிரிவும் குறைவான ஒரு பிரிவும் அடங்கியிருக்கும்போது, இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் இரண்டும் ஒளிந்துவிடும். மெக்சிகோ வழிவந்தோரிடம் விகிதம் குறைவாகத் தெரிவதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன: அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்களிடம் ஆஸ்துமா குறைவாக இருப்பது, மருத்துவரிடம் போகாததால் நோய் கண்டறியப்படாமலே இருப்பது, மரபுவழி வேறுபாடுகள் ஆகியன. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடனடி நிவாரண இன்ஹேலரில் உள்ள ஆல்புட்டரால் மருந்து, போர்ட்டோ ரிக்கோ, கருப்பினக் குழந்தைகளிடம் மெக்சிகோ வழிவந்த குழந்தைகளிடம் போல அவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை என்று கண்டறியப்பட்டிருக்கிறது. ஆனால் அதே ஆய்வுக் குழுவினர், லத்தீனோ, கருப்பினக் குழந்தைகளை மட்டுமே கொண்டு 2013இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வைப் படியுங்கள். பிறந்த முதல் ஆண்டில் சுவாசித்த நைட்ரஜன் டை ஆக்ஸைடு 100 கோடியில் 5 பங்கு கூடும்போது, பின்னாளில் ஆஸ்துமா இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 1.17 மடங்காகிறது. வெள்ளையினக் குழந்தைகளோடு ஒப்பிடாமல், ஒரே சமூகத்துக்குள் கூடுதல் மாசும் குறைந்த மாசும் பெற்றவர்களை ஒப்பிட்டதால், இன வேறுபாடு என்ற குழப்பம் அதில் பெருமளவு விலகுகிறது. உங்கள் முதன்மைக் கேள்விக்கு நான் தரக்கூடிய மிகத் தெளிவான விடை இதுவே.

முதல் ஆண்டு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், குழந்தை தன் உடல் எடைக்கு வளர்ந்தவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. அதன் மூச்சுக்குழாய்கள் குறுகியவை, நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. டீசல் துகள்கள் சளிச்சவ்வை அரித்து அழற்சியை உண்டாக்குவதோடு, ஒவ்வாப் பொருள்களுக்கு எதிரான உடலின் வினையையும் கூட்டிவிடுகின்றன. எனவே கரப்பான்பூச்சியும் நெடுஞ்சாலையும் போட்டிக் காரணங்கள் என்று எண்ண வேண்டியதில்லை. புகையால் புண்பட்ட மூச்சுக்குழாயில் கரப்பான்பூச்சியின் புரதம் கூடுதல் கேடு செய்யக்கூடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை எங்கள் துறையினர் நீண்ட காலம் பேசவே இல்லை. ஊதும் கருவியில் நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையில், கருப்பினத்தவருக்கு இயல்பு அளவே 10 முதல் 15 சதவீதம் குறைவு என்று கருதித் திருத்தம் செய்து வந்தோம். கருப்பினத்தவரின் நுரையீரல் இயல்பிலேயே குறைபட்டது என்ற கருத்தை 19ஆம் நூற்றாண்டில் பரப்பியவர்களுள் ஒருவர், அடிமை முறையை ஆதரித்த சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர். மாசுக் காற்றில் வளர்ந்து நுரையீரல் சுருங்கிய ஒரு பிள்ளையின் அளவு, இந்தத் திருத்தத்துக்குப் பின் இயல்பானதாகவே தெரியும். 2023இல்தான் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் இன வேறுபாடு பாராத சமன்பாடுகளைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. பழைய ஆய்வுகளின் நுரையீரல் அளவுகளைக் கட்டுரையில் எடுத்தாளும்போது எந்தச் சமன்பாடு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறைநிலா

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரே சமூகத்துக்குள் ஒப்பிடும் அந்த முறை என் கட்டுரையின் நடுப்பகுதியாகவே அமையும் போலிருக்கிறது. இன்னும் ஒன்று மட்டும் கேட்கிறேன். காற்றைத் தூய்மைப்படுத்தினாலோ, குழந்தையை வேறு இடத்துக்கு மாற்றினாலோ நோய் குறைந்தது என்று காட்டிய ஆய்வுகள் உண்டா? அப்படி இருந்தால் காரணம் என்ற சொல்லைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் அல்லவா?

வெண்கொக்கு

உண்டு. ஆனால் மிகவும் புகழ்பெற்றதை எச்சரிக்கையுடன் கையாளுங்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது நகரத்துக்குள் கார்கள் வருவதைக் குறைத்தார்கள். ஓசோனின் உச்ச அளவு 27.9 சதவீதம் குறைந்தது. மருத்துவ உதவித் திட்டமான மெடிகெய்டில் இருந்த குழந்தைகளின் அவசர ஆஸ்துமா நிகழ்வுகள் 41.6 சதவீதம் குறைந்தன. பாடநூல்களில் இடம்பெற்ற கதை இது. பிறகு 2010இல் வேறு ஆய்வாளர்கள் அதே நாட்களை மீண்டும் பார்த்தபோது, ஒலிம்பிக் நடக்காத தென்கிழக்கு நகரங்களிலும் அந்த நாட்களில் ஓசோன் குறைந்திருந்தது தெரிந்தது. வானிலைக்கும் அதில் பங்கு இருந்திருக்கிறது.

இதைவிட வலுவானது தெற்குக் கலிஃபோர்னியாவின் குழந்தைகள் நலத் தொடராய்வு. 1993 முதல் 2014 வரை, 9 ஊர்களில், வெவ்வேறு ஆண்டுகளில் சேர்க்கப்பட்ட மூன்று மாணவர் தொகுதிகளாக 4,140 குழந்தைகளைப் பின்தொடர்ந்தார்கள். வாகனப் புகை விதிகள் கடுமையாக்கப்பட்ட காலம் அது. நைட்ரஜன் டை ஆக்ஸைடு 100 கோடியில் 4.3 பங்கு குறைந்ததற்கு ஏற்பப் புதிதாக ஆஸ்துமா தொடங்கும் விகிதம் 20 சதவீதம் குறைந்தது. ஹிஸ்பானியக் குழந்தைகளும் அதில் இருந்தார்கள். ஓசோனில் அத்தகைய தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

மூச்சுக்காற்று

இடம் மாறுவது குறித்து பால்டிமோர் ஆய்வு இருக்கிறது. ஏழ்மை குறைந்த பகுதிகளுக்குக் குடும்பங்கள் இடம்பெயர வாடகை உதவி தரும் ஒரு திட்டத்தில், ஆஸ்துமா உள்ள 123 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2023இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மூன்று மாதத்துக்குள் கடும் ஆஸ்துமாத் தாக்குதல் நேர்ந்த குழந்தைகள் 15.1 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தார்கள். இரு வாரத்தில் 5.1 நாட்கள் இருந்த தொல்லை 2.7 நாட்களானது. என்னிடம் உள்ள எந்தப் புதிய மருந்தோடும் ஒப்பிட்டுப் பேசத் தகுந்த பயன் இது. ஆனால் அந்தப் பயனில் 29 முதல் 35 சதவீதம் வரை மன அழுத்தம் குறைந்ததன் வழியாக, அதாவது பாதுகாப்பாக உணர்ந்ததன் வழியாக வந்தது என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். எனவே மாசு மட்டுமே காரணம் என்று எழுதினால், உங்களைத் திருத்துபவர் இந்த ஆய்வைத்தான் எடுத்து நீட்டுவார்.

காரணம் என்ற சொல்லைப் பற்றி: ஆஸ்துமா தொடங்குவது, இருக்கும் ஆஸ்துமா மோசமாவது, அதனால் இறப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே வைத்து அச்சொல்லைப் பயன்படுத்துங்கள். முதல் இரண்டிலும் வாகனப் புகைக்குப் பங்கு உண்டு என்பதற்கான சான்று நன்றாகவே இருக்கிறது. இறப்பில் உள்ள பல மடங்கு இடைவெளியை மாசு மட்டும் விளக்காது. தினமும் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலர் கருப்பினக் குழந்தைகளுக்குக் குறைவாக எழுதித் தரப்படுவதும், காப்பீடு இடையில் அறுபடுவதும், ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து போக முடியாமல் ஒவ்வொரு முறையும் அவசரப் பிரிவுக்கே ஓட நேர்வதும் அங்கே முன்னால் வந்து நிற்கின்றன.

சுவடி

ஒரு சிறு சேர்க்கை. காற்று பொதுவாகத் தூய்மையாவதும் இடைவெளி குறைவதும் வேறு வேறு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024இல் நுண்துகளின் ஆண்டுச் சராசரி வரம்பை ஒரு கன மீட்டருக்கு 12 மைக்ரோகிராமிலிருந்து 9 ஆகக் குறைத்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது 5. இவை அனைத்தும் வட்டாரத்துக்கு ஒன்றிரண்டாக உள்ள அளவு நிலையங்களை நம்பியவை. லாரிச் சாலையை ஒட்டிய தெருவில் நிலையமே இல்லாவிட்டால் அந்தத் தெரு கணக்கில் வராது. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கலிஃபோர்னியா 2017இல் ஏபி 617 என்ற சட்டத்தின்கீழ், மேற்கு ஓக்லாந்து போன்ற பகுதிகளில் குடியிருப்போரே காற்றை அளக்கவும் திட்டம் தீட்டவும் வழி செய்தது. அப்பகுதியின் நடுவே ஓடிய சைப்ரஸ் அடுக்குச் சாலை 1989 நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தபின், அதே இடத்தில் மீண்டும் கட்டக் கூடாது என்று மக்கள் போராடி, 1997இல் திறக்கப்பட்ட புதிய சாலையைக் குடியிருப்புகளை விட்டு விலக்கி அமைக்கச் செய்தார்கள். உங்கள் கட்டுரையில் கொள்கை பற்றிய பகுதி இருந்தால் அதை விரிவாகப் படிக்கலாம்.